மிச்ச மெஸ்

தூத்துக்குடியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மூன்று வேளையும் பன்னும் டீயும்தான் எனக்குச் சாப்பாடு. வேலை கிடைத்த அளவுக்குச் சுலபமாகச் சோறு கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் கரையோரம் ஆழம் போதாமல் கப்பல்கள் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பஞ்சுப் பொதியையும் உப்பு மூட்டையையும் தோணியில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தோணியில் ஏறும் பொதிகளை எண்ணிச் சொல்கிற குமாஸ்தா நான். பகல் முழுக்க உப்புக் காற்றில் நின்று கத்திவிட்டு வருகிறவனுக்குப் பன் எந்த மூலைக்கு?

எங்கள் கம்பெனிக்குப் பின்தெருவில் மூன்று மெஸ்கள் இருந்தன. முதலாவதைப் பெரிய மெஸ் என்பார்கள். சுத்த சைவம். பித்தளைப் பாத்திரங்கள், தலைவாழை இலை, ஆற்றங்கரை ஊரிலிருந்து வரவழைத்த சமையல்காரர். அவர் தாளிக்கிற நேரத்தில் தெருவில் போகிறவர்கள் நடையைக் குறைப்பார்கள். அதன் தலைவர் எங்கள் கம்பெனியின் தலைமைக் குமாஸ்தாதான். நல்ல மனிதர், குரலை உயர்த்திப் பேச மாட்டார். இடம் கேட்டுப் போனேன்.

"ஊர் எது தம்பி?"

"உடன்குடிப் பக்கம் அண்ணாச்சி."

"மீன் உண்டா?"

"உண்டு."

"விட முடியுமா?"

நான் பதில் சொல்வதற்குள் என் முகமே சொல்லிவிட்டது போலிருக்கிறது. அவர் சிரிக்காமல், "அப்ப நமக்குச் சரிப்படாது. மனசுல வச்சுக்கிடாதீரும்" என்றார்.

இரண்டாவது, ரங்கூன் மெஸ். பல வருஷம் பர்மாவில் கடை வைத்திருந்து திரும்பிய ஒருவர் நடத்தினார். ஒரு நாள் இருந்த சாப்பாடு மறுநாள் இருக்காது. கோதுமை மாவைப் பிசைந்து, நூல் நூலாக வெட்டி வேகவைத்து, தேங்காய்ப்பாலில் மிதக்கவிட்டு ஒரு ரங்கூன் பலகாரம் தருவார். அதைத் தின்பதற்காகவே ஜவுளிக்கடைக்காரர்கள் காத்துக் கிடப்பார்கள். அந்தக் கூட்டத்தில் எனக்கு இடமில்லை.

இந்த இரண்டு இடத்திலும் இடம் கிடைக்காதவர்கள் சேர்ந்து வைத்துக்கொண்டது மூன்றாவது மெஸ். அதற்குப் பெயர்கூடக் கிடையாது. பெரிய மெஸ்காரர்கள் கேலியாக 'மிச்ச மெஸ்' என்றார்கள். எங்களுக்கும் அது பிடித்துப்போய் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டோம்.

ஒரு டஜன் பேர் இருப்போம். அதில் இரண்டு பேரைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் மணப்பாட்டுக்காரர். துறைமுக ஆபீஸில் வேலை. அப்பா, தாத்தா எல்லாம் கப்பலில் போனவர்கள். அவர் சிரித்தால் அடுக்களையில் தட்டு அதிரும். அடுக்களை என்று நாங்கள் சொல்வதை அவர் குசினி என்பார். இன்னொருவர் காயல்பட்டினத்துக்காரர். கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் குமாஸ்தா. அவர் ஊர் வழக்கப்படி எல்லோரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம், அண்ணன் என்று அர்த்தம். எதையும் யோசித்து, ஆறப்போட்டுப் பேசுகிறவர். இருவரும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை. ஆனால் ஒருவர் வராமல் மற்றவர் சாப்பிட உட்கார்ந்ததும் இல்லை.

சமையலுக்கு வந்தவளை எல்லோரும் மதினி என்றுதான் கூப்பிடுவோம். விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம் அவளுக்கு. கணவர் பஞ்சுப் பொதி ஏற்றுகிற மாட்டுவண்டி ஓட்டினார். இருவரும் மெஸ் வீட்டின் பின்கட்டில் குடியிருந்தார்கள். உண்மையைச் சொன்னால், நாங்கள் முதலில் கேட்டது அவளை அல்ல. பேர்பெற்ற ஒரு பிரியாணிக்காரரைக் கேட்டோம், வர முடியாது என்றுவிட்டார். கோயில் மடைப்பள்ளியில் இருந்த ஒருவர் வாசல்வரை வந்தார். உள்ளே சாளை மீன் பொரிகிற வாசனை வந்ததும் வந்த வழியே திரும்பிவிட்டார். இப்படி நாலு பேர் ஒதுக்கிய பிறகுதான் மதினி வந்தாள். வந்த அன்றே முற்றத்தில் ஒரு கல் உரலை உருட்டிக் கொண்டுவந்து போட்டாள். இது எதற்கு, ஊரில்தான் அரைவை மில் இருக்கிறதே என்று கேட்டோம். "உரல் இல்லாத வீட்ல எனக்குக் காலு தரிக்காது" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

எங்கள் மெஸ்ஸில் மாசத்துக்கு ஒருவர் மேனேஜர். ஆனால் தேர்ந்தெடுப்பதில்லை, சீட்டுக் குலுக்கித்தான். ஒருவர் பேரைச் சொன்னால் இன்னொருவர் முகம் சுருங்கும் என்று காக்கா கண்டுபிடித்த ஏற்பாடு அது. தலைமைக் குமாஸ்தா ஒரு நாள் ஆபீஸில் என்னிடம் கேட்டார்:

"மேனேஜரைச் சீட்டுக் குலுக்கியா எடுக்கீய? மெஸ் நடத்துதீயளா, தாயம் விளையாடுதீயளா? நிர்வாகம்னா ஒரு தலை வேணும்வே. எது வந்தாலும் அந்தத் தலை யோசிச்சு முடிவெடுக்கணும்."

எனக்கும் உள்ளுக்குள் அவர் சொல்வதுதான் சரி என்று பட்டது. நான் மேனேஜராக வந்தால் நிர்வாகம் என்றால் என்னவென்று காட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வெகு சீக்கிரம் வாய்ப்பு வந்தது.

ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்துவிட்டான் என்ற செய்தி வந்தபோது எங்கள் தெருவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நினைத்தோம். அதுவரை நாங்கள் தின்றதில் பாதி பர்மா அரிசி என்பது, கடையில் மூட்டைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனபோதுதான் உறைத்தது. அடுத்தாற்போல ஈஸ்டர் பண்டிகை அன்று கொழும்பில் குண்டு விழுந்தது. கொழும்பு எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரி. இன்று அங்கே என்றால் நாளை இங்கே என்று ஊரே மூட்டை கட்டியது. குடும்பங்களை உள்நாட்டுக் கிராமங்களுக்கு ஏற்றி அனுப்பினார்கள். பெரிய மெஸ்ஸின் சமையல்காரர் உலையில் பருப்பு வேகும்போதே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவர்தான், திரும்பவே இல்லை. எங்கள் மதினியிடம் நான் பயந்துகொண்டே கேட்டேன்.

"நீங்களும் ஊருக்குப் போறியளா மதினி?"

"போயி? மாட்டுக்கு அங்கன தீவனம் ஏது? குண்டு போடுதவன் எங்க வீட்டுக் கூரையைப் பாத்தா இதுக்கு ஒரு குண்டான்னு போயிருவான். நீங்க கையைக் கழுவிட்டு வாங்க கொழுந்தனாரே."

பிறகு ரேஷன் வந்தது. அரிசியைக் குறைத்து, அதற்குப் பதிலாகக் கோதுமை போட்டார்கள். எங்கள் பக்கத்தில் கோதுமையைக் காய்ச்சல்காரன் கஞ்சிக்குத்தான் வாங்குவார்கள். அரிசி மாதிரியே உலையில் போட்டு வேகவைத்துவிட்டு, எவ்வளவு நேரமானாலும் மலராமல் விறைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து வீட்டுக்கு வீடு திகைத்தார்கள்.

இந்த நெருக்கடியில் மூன்று மெஸ்களும் மூன்று விதமாக நடந்துகொண்டன. பெரிய மெஸ்ஸில் தலைமைக் குமாஸ்தா கூட்டம் போட்டு, எது வந்தாலும் அரிசிச் சோறுதான், அளவு குறைந்தாலும் தரம் குறையாது என்று முடிவெடுத்தார். இலையில் சோறு நாளுக்கு நாள் சிறுத்து, அதைச் சுற்றி அப்பளம் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது. ரங்கூன் மெஸ்காரர் நேர் எதிர். கோதுமை வந்த மறுநாளே தன் நூல் பலகாரத்தை மூன்று வேளையும் போட்டார். மரவள்ளிக் கிழங்கில் அடை சுட்டார். தெருவிலேயே அவர் மெஸ்ஸில்தான் கூட்டம். "இவருதான் மனுசன், காலத்துக்குத் தக்கன மாறுதாரு" என்று ஊரே மெச்சியது. அவ்வளவு கெட்டிக்காரரின் கடைதான் முதலில் மூடியது. பட்டாளத்துக்கு இடம் வேண்டுமென்று அவர் கட்டடத்தை எடுத்துக்கொண்டார்கள். அவர் சமைத்ததில் எந்தக் குறையும் இல்லை. கட்டடம் விசாலமாக இருந்தது, அதுதான் குறை. எங்கள் வீட்டையும் வந்து பார்த்தார்கள். ஒழுகுகிற கூரையையும் பின்கட்டில் கட்டியிருந்த மாடுகளையும் பார்த்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அந்த மாசச் சீட்டில் என் பெயர் வந்தது.

நான் இரண்டு நாள் யோசித்து ஒரு திட்டம் போட்டேன். ஸ்ரீவைகுண்டம் பக்கம் வயல் உள்ள ஒரு தூரத்து உறவினர் இருந்தார். அவரிடம் நேரே போய் நெல்லாகவே வாங்கி, வண்டியில் கொண்டுவந்துவிட்டால் ஆறு மாசத்துக்குக் கவலையில்லை. லீவு போட்டுக்கொண்டு போனேன். உறவினர் உபசரித்தார், நெல்லும் தருவதாகச் சொன்னார். ஆனால் நெல் தாலுகா எல்லையைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு. சோதனைச்சாவடியில் இருந்த ஜவான் மரியாதையாகத்தான் பேசினார்: "சார், நீங்க எவ்வளவு வேணும்னாலும் இங்கனயே சாப்பிட்டுட்டுப் போங்க. வயித்துல கொண்டு போறதுக்குத் தடை இல்லை." கடைசியில் எங்கள் ஊருக்குப் போய், அம்மா கொடுத்த ஒரு ஓலைக் கொட்டான் கருப்பட்டியைச் சுமந்துகொண்டு தூத்துக்குடி வந்து சேர்ந்தேன். நிர்வாகத்தில் என் முதல் சாதனை அதுதான்.

தெருமுனையிலேயே ஏதோ சத்தம் கேட்டது. 'ணங் ணங்' என்று உலக்கை விழுகிற ஓசை. உள்ளே போனால் முற்றத்தில் மணப்பாட்டுக்காரர் சட்டையைக் கழற்றிப்போட்டு, வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, உரலில் கம்பு குத்திக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் காக்கா சுளகை வைத்துக்கொண்டு உமியைப் புடைக்கத் தெரியாமல் தன் தாடி முழுக்கப் பூசிக்கொண்டிருக்கிறார். வாசலில் வண்டி. வண்டியில் மூட்டைகள்.

"வாங்க மேனேஜர்!" என்று மதினி வரவேற்றாள். "நெல்லு எங்க?"

நான் கொட்டானைக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் மாடுகள் திரும்பிப் பார்த்தன.

நடந்தது இதுதான். நான் கிளம்பிய அன்றே மதினி தன் கணவரிடம் வண்டியைப் பூட்டச் சொல்லி, பிறந்த ஊருக்கு அனுப்பிவிட்டாள். அங்கே கரிசல் காட்டில் எல்லோர் வீட்டுத் தானியக் குலுக்கையிலும் கம்பும் குதிரைவாலியும் இருந்தன. வழியில் சோதனைக்காரர்களுக்கு அரிசி மேல்தான் கண். கம்பு மூட்டையை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் சாப்பிட்டதை நான் இன்றும் மறக்கவில்லை. கம்பஞ்சோற்றை உருண்டை பிடித்து வைத்திருந்தாள். ஆலந்தலையில் வலை வைத்திருந்த தன் சொந்தக்காரர்களுக்கு மணப்பாட்டுக்காரர் சொல்லி அனுப்பி, கூடை நிறையச் சாளை வந்திருந்தது. புளியும் வத்தலும் தூக்கலாகப் போட்ட குழம்பு. முதல் வாய் தொண்டையில் சொரசொரவென்று இறங்கியது. இரண்டாவது வாய்க்கு நாக்கு பழகிவிட்டது. மூன்றாவது உருண்டையை எல்லோரும் கேட்டு வாங்கினோம். எல்லாம் முடிந்து, என் கருப்பட்டியைத் தட்டிப்போட்டுக் கம்பு மாவில் பிசைந்து ஆளுக்கொரு பிடி கொடுத்தாள். "மேனேஜர் கொண்டாந்தது" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

இரவுக்குக் காக்கா ஒரு வழி சொன்னார். அவர் ஊரில் நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்சுவார்கள். கொஞ்சம் அரிசி, நிறையத் தண்ணீர், தேங்காய்ப்பால், பூண்டு, வெந்தயம், இஞ்சி. கைப்பிடி ரேஷன் அரிசியில் ஒரு பானை கஞ்சி. அன்றுமுதல் எங்களுக்கு நோன்பு இல்லாமலே தினமும் நோன்புக் கஞ்சி.

ஒரு சாயங்காலம் கஞ்சியைக் குடித்துவிட்டு, விரிசல் விழுந்த எங்கள் மொட்டைமாடியில் கடல் காற்று வாங்கிக்கொண்டிருந்தோம். மணப்பாட்டுக்காரர் பெருமையாக, "எப்பிடி வே சமாளிச்சோம் பாத்தீரா!" என்றார்.

காக்கா மெதுவாகக் கேட்டார். "நாம என்ன சமாளிச்சோம்?"

"என்ன, இப்பிடிக் கேக்கீரு?"

"யோசிச்சுப் பாரும். பெரிய மெஸ்ல இடம் கேட்டோம், கிடைக்கலே. அதனால ஒரு ஊருக்கு ஒரு ஆளா இங்கன வந்து ஒதுங்கினோம். நல்ல சமையக்காரரா நாலு பேரைக் கேட்டோம், ஒருத்தரும் வரலே. அதனால மதினி வந்தாக. பஞ்சம் வரும், கம்பு தெரிஞ்ச ஆளு வேணும்னு நாம தேடியா புடிச்சோம்? கூரை ஒழுகிச்சு, அதனால பட்டாளம் எடுக்கலே. நாம முடிவெடுத்து ஒண்ணும் நடக்கலே வே. காலம் சலிச்சுது, நாம சல்லடையில நின்னுட்டோம். அம்புட்டுத்தான்."

மணப்பாட்டுக்காரருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "அப்ப அந்த வண்டி தானாப் பூட்டிக்கிட்டு விளாத்திகுளம் போச்சா? ஆலந்தலைக்கு நான் சொல்லி அனுப்பாம சாளை நடந்தா வந்துச்சு? கரிசக்காட்டுக்காரங்க ஊருல எத்தனையோ பேரு இருக்காக. எத்தனை பேரு வண்டிய அனுப்பினாக? எங்க அப்பா கப்பல்ல போனவரு. காத்து எல்லாப் பாய்மரத்துக்கும் ஒண்ணாத்தான் அடிக்கும். பாயைத் திருப்புதது மனுசன்தான்."

"பாய் இருக்கிறவன் திருப்புவான். ரங்கூன்காரரு திருப்பலியா? அவரு திருப்பின மாதிரி யாரு திருப்பினா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேனேஜர் அல்லவா! முடிவெடுத்து, லீவு போட்டு, பஸ் ஏறி, கருப்பட்டியோடு திரும்பியவன் நான் என்ன சொல்வது? காக்கா சொன்னதைக் கேட்டபோது அது சரியென்று பட்டது. மற்றவர் சொன்னபோது அதுவும் சரியென்றே பட்டது. கீழேயிருந்து மதினியின் குரல் வந்தது.

"மேல என்ன சண்டை? நாளைக்குக் கம்பு யாரு குத்துவா? பேசுத வாய்க்கு ரெண்டு உலக்கை இங்கன சும்மா கிடக்கு!"

நாங்கள் இறங்கிப்போனோம். ஒரே உரலில் இரண்டு உலக்கை மாற்றி மாற்றிப் போடவேண்டும். சொல்லிவைத்தாற்போல அந்த இருவர் கையும்தான் தாளம் தப்பாமல் விழும். வீதியில் போன தோணிக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்து, குமாஸ்தாமார் உலக்கை போடுவதற்குப் பாட்டெடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பெரிய மெஸ்ஸிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக எங்கள் பக்கம் வர ஆரம்பித்தார்கள். முதலில் ஜன்னல் வழியாகக் கம்பு உருண்டை கேட்டு வாங்கிப்போனார்கள். பிறகு தயங்கித் தயங்கி வாசல் வழியாகவே வந்தார்கள். ஒரு நாள் படகுத்துறையில், பொதிகளின் நிழலில் நின்றுகொண்டிருந்த என்னிடம் தலைமைக் குமாஸ்தா வந்தார். குடையைச் சுருக்கினார், மறுபடி விரித்தார்.

"உம்ம மெஸ்ல இன்னும் ஆறு பேருக்கு இடம் இருக்குமாவே?"

"யாருக்கு அண்ணாச்சி?"

"எங்கள்ல மிச்சம் அம்புட்டுப் பேருதான். நானும் சேத்தி." குடையை மறுபடி சுருக்கிக்கொண்டு, "எங்க மெஸ்ல ஒழுங்கு இருந்துச்சு, நிர்வாகம் இருந்துச்சு. அரிசி ஒண்ணுதான் இல்லே" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. நானும் அடக்கமுடியாமல் சிரித்தேன். தோணியில் எண்ணிக்கை தவறிப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பித்தளைப் பாத்திரங்கள் ஊர்வலமாகத் தெருவைக் கடந்து வந்தன. பெரிய மெஸ்காரர்கள் தலையில் அண்டா, குண்டா, போகணி. சைவத்துக்குத் தனி அடுப்பு வேண்டும் என்று அவர்கள் கேட்க, மதினி பின்கட்டுக்கு அந்தப் பக்கம் புது அடுப்பு போட்டு வைத்திருந்தாள். "ரெண்டு அடுப்பு, ரெண்டு கரண்டி, ஆனா சமையக்காரி ஒருத்திதான். குளிச்சிட்டு வந்து மொதல்ல உங்களுக்கு, பொறவுதான் மீனு. சம்மதமா?" என்றாள். சம்மதம் என்று பாத்திரங்களை இறக்கினார்கள். அன்று அவர்களுக்குக் குதிரைவாலிச் சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும். வெள்ளையாகச் சிறு அரிசிபோல இருந்த குதிரைவாலியைப் பார்த்த ஒருவர், "அரிசி எப்பிடிக் கிடைச்சுது?" என்று ரகசியமாகக் கேட்டார்.

எல்லோரும் கூடிவிட்டதால் அன்றே அடுத்த மாசத்துச் சீட்டையும் குலுக்கினோம். தலைமைக் குமாஸ்தாவின் பெயர் வந்தது. அவர் எழுந்து, "புதுசா வந்தவன் நான். இன்னொரு சீட்டு எடுங்க" என்றார். காக்கா எழுந்து, "அதெல்லாம் முடியாது அண்ணாச்சி. சீட்டு சொன்னா சொன்னதுதான்" என்று அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். ஒரே கைதட்டல்.

மறுக்க முடியாமல் ஏற்றுக்கொண்டவர், ஒரே மாசத்தில் எங்கள் மெஸ்ஸைத் திருப்பிப் போட்டுவிட்டார். ஊர் முழுக்க வேண்டாவெறுப்பாக வாங்கிக்கொண்டிருந்த கோதுமை எங்கள் வீட்டிலும் மூலையில் கிடந்தது. அதை அவர் கையில் அள்ளிப் பார்த்தார். நேரே கிளம்பி, பட்டாளம் எடுத்துக்கொண்ட கட்டடத்துக்குப் போனார். ரங்கூன் மெஸ்காரர் எங்கே போனார் என்று நாங்கள் யாரும் விசாரித்திருக்கவில்லை. அவர் விசாரித்தார். பட்டாளத்துக்காரர்கள் கட்டடத்தை எடுத்தபோது, அடுப்பில் இருந்ததை ருசி பார்த்துவிட்டு மனிதரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்களாம். பழைய இடத்திலேயே, பழைய அடுப்பிலேயே, சிப்பாய்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தார். தலைமைக் குமாஸ்தா கேட்டுக்கொண்டதும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களிடம் வந்து, மதினிக்குக் கோதுமை மாவைப் பிசைந்து நூலாக வெட்டக் கற்றுக்கொடுத்தார். இவளிடமிருந்து அவர் கம்பு அடை கற்றுக்கொண்டு போனார். அடுத்த வாரம் பஞ்சாப் சிப்பாய் ஒருவர் கம்பு அடை எந்த வீட்டில் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். தன் ஊரிலும் இது உண்டு என்று அவர் ஜாடையில் காட்டிய சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

"இப்ப என்ன சொல்லுதீரு?" என்று மணப்பாட்டுக்காரர் காக்காவை இடித்தார். "இவரு தலை யோசிச்சுத்தானே கோதுமைக்கு வழி பொறந்துச்சு?"

"பெரிய மெஸ்லயும் இதே தலைதானே இருந்துச்சு?" என்றார் காக்கா. "இங்கன வந்த பொறவு எப்பிடி வேலை செய்யுது?"

பக்கத்தில் இருந்த தலைமைக் குமாஸ்தா கோபப்படவில்லை. "அங்கன நான் சொன்னா எல்லாரும் தலையாட்டுவாக. இங்கன நான் ஒண்ணு சொன்னா நாலு பேரு நாலு சொல்லுதீய. அதுல ஒண்ணு தப்பாம நல்லதா இருந்திருது" என்றார். எனக்கு அந்த இருவர் வாதத்தையும்விட இது நன்றாகப் புரிந்தது.

அவர் கடைசிவரை மீனைத் தொடவில்லை. ஆனால் மதில் தாண்டி வருகிற வாசனையை வைத்தே, "இன்னைக்கு ஊளி. நேத்து பாறை. சரியா?" என்று கேட்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மீன் தின்கிற நாங்களே தட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

போர் முடிந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கடைகளில் அரிசி தலைகாட்டியது. அரிசி இல்லாதபோது மூடாத எங்கள் மெஸ்ஸைக் கல்யாணங்கள்தான் கலைத்தன. மணப்பாட்டுக்காரருக்கு அவர் ஊர் மாதா கோயிலில் கல்யாணம். மெஸ்ஸே திரண்டு போய் மூன்று நாள் கடற்கரையில் கிடந்தோம். அடுத்த வருஷம் காக்காவின் கல்யாணம். அவர்கள் வழக்கப்படி ஒரு பெரிய தாலத்தைச் சுற்றிச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். பின்னாலேயே என் முறை. பெண்ணுக்கு ஊர் ஸ்ரீவைகுண்டம். நான் நெல் வாங்கப் போன அந்த உறவினர் வீட்டில்தான் பேச்சு தொடங்கியது என்று சொன்னால் நண்பர்கள் விடுவார்களா? "நெல்லு கிடைக்கலேன்னு சொன்னீரே, அங்கன வேற என்னத்தைப் பாத்துட்டு வந்தீரு?" என்று ஓட்டித் தள்ளிவிட்டார்கள்.

ஆட்கள் குறைந்து நாலைந்து பேராகிவிட்டபோது, மெஸ்ஸை மூடிவிடலாமா என்று பேசக் கூடினோம். மதினியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிய கவலை. தலைமைக் குமாஸ்தா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அவள் முந்தானையில் கையைத் துடைத்தபடியே வந்து நின்றாள்.

"நீங்க மூடுங்க, மூடாட்டிப் போங்க. நான் வார திங்கக்கெழமை கடை போடுதேன். தொறைமுகத்துக்குப் போற வழியில, வண்டிப்பேட்டைக்கிட்ட. கூழு, அடை, சாளைக்குழம்பு. அதைச் சொல்லத்தான் ஒரு வாரமா வாய் வராம நிக்கேன். நீங்க வருத்தப்படுவியளோன்னு."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் மணப்பாட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். தட்டுகள் அதிர்ந்தன.

திங்கட்கிழமை காலை புது மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். ஓலைக் கொட்டகை, இரண்டு பெஞ்சு. அதற்குள் பொதி தூக்குகிறவர்களும் தோணிக்காரர்களும் வரிசையாக நின்றார்கள். நான் உரிமையோடு நேரே உள்ளே நுழையப் பார்த்தேன்.

"கொழுந்தனாரே! வரிசையில வாங்க. இவுக நேரத்துக்கு வேலைக்குப் போவணும்."

பின்னால் போய் நின்றேன். எனக்கு முன்னால் குடையோடு தலைமைக் குமாஸ்தா நின்றார், காக்கா நின்றார். எங்கள் முறை வந்ததும் காக்கா கேட்டார், "இந்த இடத்தை எப்பிடிப் புடிச்சீய மதினி?"

"நானா புடிச்சேன்? எங்க வீட்டு மாடு வருசக்கணக்கா இந்தத் தொட்டியிலதான் தண்ணி குடிக்க நிக்கும். வீட்டுக்காரருக்குச் சோறு கொண்டு வரும்போதெல்லாம் பாப்பேன். இங்கன எத்தனை பேரு வெறும் வயித்தோட போறான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். சரி, இங்கனயே போடுவோம்னு போட்டுட்டேன்."

காக்கா, "பாத்தீரா, மாடு காட்டின இடம்" என்றார். மணப்பாட்டுக்காரர் எங்கிருந்தோ வந்து, "பாத்தது யாருவே, மாடா?" என்றார். வரிசையில் நின்றவர்கள் இருவரையும் நகரச் சொன்னார்கள்.

என் மனைவி ஆற்றங்கரைக்காரி. அதுவரை கம்பைக் கண்ணால் பார்த்ததில்லை. கூழை இரண்டு கையாலும் வாங்கி, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் குடித்தாள். எனக்குத் திக்கென்றிருந்தது. பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல் மதினியைப் பார்த்து, "இன்னொரு அகப்பை ஊத்துங்கக்கா" என்றாள். குடித்து முடித்ததும், அவள் அதுவரை பார்த்திராத கப்பல்களைக் காட்ட அவளைப் படகுத்துறைக்குக் கூட்டிப்போனேன். அன்று கடல் தெளிவாக இருந்தது. தூரத்தில் புகையோடு ஒரு கப்பல் நின்றது. அது ஏன் கரைக்கு வரவில்லை என்று அவள் கேட்டாள். நான் சொல்ல ஆரம்பித்தேன்.